தோட்டப்புறத்து மண்வழிகளில் மோட்டார்ச் சைக்கிளோட்டம்: தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்

வண்டியை ஓட்டப் பழகுதல் ஒன்று. நிலத்தை அறிந்து வண்டியை ஓட்டப் பழகுதல் மற்றொன்று. தார் இட்ட பெருந்தெருவில் முன்னதைக் கொண்டே பெரும்பாலும் காலங் கழித்துவிடலாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் இறப்பர்த் தோட்டங்களுக்குள்ளும் புகுந்துவிட்டாலோ, பின்னது இல்லாதவன் ஒரு மைல் தூரமும் நலமாகச் சென்று திரும்புதல் அரிது. கிறவல் உருளும் இறக்கங்களும், மழைநீர் அரித்த பள்ளங்களும், வேர் ஓடிய ஒற்றையடிப் பாதைகளும் அங்கே அவனைச் சோதிக்கின்றன.

அண்மைக் காலத்தில் இளைஞர் பலர் 'டேர்ட் பைக்' எனப்படும் மண்வழி மோட்டார்ச் சைக்கிளில் நாட்டங் கொண்டுள்ளனர். தோட்டப்புறங்களில் ஆசிரியராகவும் வெளிக்கள உத்தியோகத்தராகவும் கடமை புரிவோர்க்கு இவ்வோட்டம் விளையாட்டு மாத்திரமன்று, அன்றாடத் தேவையுமாகும். ஆயினும், எவ்வாறு தொடங்குவது என்பதை முறைப்படி சொல்லிக் கொடுப்பார் அரியர். நண்பன் ஒருவனின் வண்டியை இரவல் பெற்று, செங்குத்தான மேட்டில் முதற்பாடம் படித்து, மருத்துவமனையில் இரண்டாம் பாடம் படிப்பவரே மிகுதி. ஆதலின் இம்மலரைப் படிப்போர்க்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பயன்படுமாறு சில அடிப்படைகளை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நாம் சொல்லப்போவன யாவற்றையும் ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். இக்கலையில் முதலிற் கற்க வேண்டியவை மெதுவாகச் செல்லுதலும், நினைத்த இடத்தில் நிற்றலும், நிலத்தைப் படித்தலுமாம். வேகம் இம்மூன்றின் பின்னர்த் தானே வந்து சேரும்.

இக்கலை வந்த வரலாறு

மோட்டார்ச் சைக்கிளை மேடு பள்ளங்களில் ஓட்டிப் போட்டியிடும் வழக்கம் இங்கிலாந்திலே தோன்றியது. 1924ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆந் திகதி, சரே மாவட்டத்தைச் சேர்ந்த கேம்பர்லி என்னும் ஊரின் அருகே நடைபெற்ற போட்டியே இவ்வகையில் முதலாவது எனக் கொள்ளப்படுகின்றது. தட்டுத்தடுமாறி ஏறுதல் என்னும் பொருள்பட அதனை 'ஸ்கிறம்பிள்' என அழைத்தனர். ஐரோப்பியப் பெருநிலத்திற் பரவியபொழுது அது 'மோட்டோகுறொஸ்' என்னும் பெயரைப் பெற்றது. 1947ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் நாடுகளுக்கிடையிலான போட்டி தொடங்கிற்று. 1957ஆம் ஆண்டு முதல் உலக வெற்றியாளர் பட்டமும் வழங்கப்படலாயிற்று.

பந்தயக்காரர் அல்லாத பொதுமக்களுக்கு இவ்வோட்டம் எட்டியது 1968ஆம் ஆண்டின் பின்னரேயாம். அவ்வாண்டில் யப்பானிய யமஹா நிறுவனம் 'டீரீ-1' என்ற 250 கன சதமமீற்றர் வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. தெருவிலும் செல்லலாம், காட்டு வழியிலும் செல்லலாம் என்னும் இருபயன் வண்டிகள் பெருகுவதற்கு அது வழிகாட்டிற்று. இன்று நம் நாட்டு மலைப்பாதைகளிற் காணப்படும் வண்டிகளிற் பல அவ்வழிமுறையில் வந்தவையே.

நம் நாட்டிலும் மோட்டார்ப் பந்தயம் புதியதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலே தொடங்கியது. தியத்தலாவையிற் பொக்ஸ் ஹில் சுப்பர்குறொஸ் என்னும் மண்தளப் பந்தயம் 1993ஆம் ஆண்டிலே தோன்றிற்று. தோட்டங்களிலோ பந்தயம் என்னும் எண்ணமின்றியே மோட்டார்ச் சைக்கிள் மலையேறிவிட்டது. குதிரையேறி மலை சுற்றிய துரைமாரின் வழியில், பின்வந்த சின்னத்துரைமார் மோட்டார்ச் சைக்கிளில் மலை சுற்றினர். பிரட்டுக்களத்திலிருந்து கொழுந்து மடுவத்துக்கும், மடுவத்திலிருந்து ஸ்டோருக்கும் சென்று வந்த அவ்வண்டிகளுக்கு இக்காலத்து அதிர்வுதாங்கிகளும் இல்லை, முட்டயர்களும் இல்லை. மெதுவாகவும் வழியறிந்தும் சென்றமையாலேயே அவர்கள் அவ்வழிகளைக் கடந்தனர்.

நிலத்தைப் படித்தல்

சப்பிரகமுவா மழை மிகுந்த மாகாணம். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேலாக மழை பொழிகின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று மழை தருகின்றது. ஐப்பசி, கார்த்திகையில் மாலைதோறும் இடிமழை கொட்டுகின்றது. தை, மாசி மாதங்களே ஓரளவு வறண்டவை. முதன்முதற் பழகப் புகுவோர் அம்மாதங்களையே தேர்ந்து கொள்ளுதல் நன்று. நனைந்த மண்ணில் முதற்பாடம் படித்தல், வெள்ளத்தில் நீச்சல் பழகுதல் போலாகும்.

தோட்டப்புறத்து வழிகள் யாவும் ஒரே தன்மையனவல்ல. கிறவல் இட்ட பாதையிலே உருண்டைக் கற்கள் டயருக்கும் தரைக்கும் இடையே சக்கரம்போற் சுழலும்; அங்கே திடீரென முன்பிறேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கி வண்டி விழும். கல் பதித்த பழைய தோட்டத் தெருக்களிற் பாசி படர்ந்திருக்கும். வெயிற் காலத்தில் உறுதியாய்த் தோன்றும் கல், ஒரு தூறல் விழுந்ததும் எண்ணெய் பூசியது போலாகிவிடும். லொறியும் உழவு இயந்திரமும் சென்ற வழிகளில் இரு தடங்கள் ஆழப் பதிந்திருக்கும். ஒரு தடத்திற் புகுந்தவன் அது முடியும் இடத்தை நோக்கியவாறு நேரே செல்லவேண்டும். இடையிலே மற்றொரு தடத்துக்குத் தாவ முயல்வோர் விழுகின்றனர்.

இறப்பர் மலைகளுக்கு வேறு இயல்புண்டு. தை, மாசியில் இலையுதிர்ந்து நிலம் முழுவதும் மூடிக்கிடக்கும். அவ்விலைப் போர்வையின் கீழே வேரும் கல்லும் மேடைவெட்டின் விளிம்பும் மறைந்திருக்கும். பின்னர், ஆடி, ஆவணியில் விதைகள் வெடித்துச் சிதறும். வழவழப்பான அவ்விதைகள் டயரின் கீழே கோலிக்குண்டுகள் போல உருளும். இவ்விரு பருவங்களிலும் இறப்பர் மரங்களிடையே செல்வோர் முன்னரே இறங்கி நடந்து பார்த்த வழியில் மாத்திரமே செல்லல் வேண்டும்.

இரத்தினபுரிப் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு; அது மாணிக்கக் கிடங்கு. கல் அகழ்ந்த பின்னர் குழியை மூடிவிடவேண்டுமென்பது விதியாயினும், மூடாது கைவிடப்பட்ட குழிகளும் உள. வயலோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் அவை நீர் நிரம்பியும் புல்லும் கொடியும் படர்ந்தும் கண்ணுக்குப் புலப்படாது கிடக்கும். ஆகவே, ஊரவர் துணையின்றிப் புதிய வெளியொன்றிற் பாதையை விட்டு விலகி ஓட்டுதல் ஆகாது. ஆழம் அறியாமற் காலை விடாதே என்ற முதுமொழி இங்கே உவமையன்று, நேர்ப்பொருளிலேயே உண்மையாகும்.

வண்டியைத் தேர்தல்

தொடங்குவோர் செய்யும் முதற்பிழை, தம் உயரத்துக்கும் வலிமைக்கும் மிஞ்சிய வண்டியை வாங்குதல். நான்கடிப்பு எஞ்சின் உடையதும், 125 முதல் 230 கன சதமமீற்றர் வரையிலான கொள்ளளவு உடையதும், எடை குறைந்ததுமான வண்டி பழகுதற்கு ஏற்றது. ஈரடிப்புப் பந்தய வண்டிகளின் விசை படிப்படியாக எழாது, ஒரு நிலையில் திடீரெனப் பாயும். அது கைதேர்ந்தவர்க்கே உரியது. இருக்கையில் அமர்ந்தபொழுது இரு பாதங்களின் முற்பகுதியாவது தரையைத் தொடவேண்டும். விழுந்த வண்டியைத் தனியே நிமிர்த்த இயலுமா என்பதையும் வாங்குமுன் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டில் இவ்வகை வண்டிகளிற் பல யப்பானில் முன்னர்ப் பாவிக்கப்பட்டு இங்கு வந்தவை. யமஹா செரோ 225 என்பது 223 கன சதமமீற்றர் எஞ்சினும் தாழ்ந்த இருக்கையும் கொண்டு, பழகுநர்க்கு இணக்கமாய் அமைந்தது. ஹொண்டா எக்ஸ்ஆர் 250 அதனினும் உயரமும் விசையும் மிக்கது. 2020ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், சந்தையிலுள்ள வண்டிகளிற் பல கைமாறிக் கைமாறி வந்தவையாய் இருக்கும். வாங்குமுன் சட்டகத்தில் வெடிப்போ ஒட்டுவேலையோ உண்டா, முன்கவட்டில் எண்ணெய் கசிகின்றதா, சக்கரக் கம்பிகள் தளர்ந்துள்ளனவா என்பவற்றை நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்ப்பித்தல் வேண்டும். சட்டகத்தின் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருத்தல் இன்றியமையாதது.

டயரின் காற்றைப் பற்றி ஒரு சொல். தெருவுக்குரிய அளவில் இறுக நிரப்பிய டயர் மண்ணிலே துள்ளும், பிடிக்காது. காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் பரந்து நிலத்தைப் பற்றும். மென்மையான பந்தயத் தளங்களிற் போட்டியாளர் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 15 இறாத்தல் வரையே வைப்பர். கல் நிறைந்த தோட்ட வழிகளில் அத்துணை குறைத்தால், கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் இடையில் உட்குழாய் நசுங்கித் துளைபடும். 18 முதல் 20 இறாத்தல் பழகுநர்க்குப் பொருந்தும். பெருந்தெருவுக்குத் திரும்புமுன் மீண்டும் நிரப்பிக்கொள்ளக் கைப்பம்பு ஒன்று உடனிருத்தல் வேண்டும்.

மண்வழி ஓட்டத்தின் பின்னர்ப் பராமரிப்பும் அதிகம். காற்றுவடிகட்டியில் தூசு அடைத்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். வடிகட்டி கிழிந்திருந்தால் மண் உட்சென்று எஞ்சினையே தேய்த்துவிடும். சங்கிலியைக் கழுவி எண்ணெயிடுதல், கம்பிகளைத் தட்டிப் பார்த்தல், பிறேக்கிற் சேறு படிந்துள்ளதா எனப் பார்த்தல் ஆகியன ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னரும் செய்யவேண்டியவை.

உடையும் காப்பும்

மண்வழியில் விழாது பழகியவர் எவருமிலர். விழுவோம் என்று எண்ணியே உடுத்தல் வேண்டும். காப்புகளுள் முதன்மையானது தலைக்கவசம். முறையாக அணிந்த தலைக்கவசம் விபத்தில் மரண அபாயத்தை ஏறக்குறைய 42 வீதமும், தலைக்காய அபாயத்தை 69 வீதமும் குறைக்கின்றதென ஆய்வுகள் காட்டியுள்ளன. நாடிப்பட்டியைப் பூட்டாத கவசம் தொப்பிக்குச் சமானம். ஒருமுறை பலத்த அடிபட்ட கவசம் வெளியே உடையாதிருந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும். அதனை மீண்டும் பாவித்தல் தகாது.

இரண்டாவது, கணுக்காலுக்கு மேல் உயர்ந்த தடித்த சப்பாத்து. தோட்டப்புறங்களிற் செருப்போடு வண்டியோட்டும் வழக்கம் பரவியிருக்கின்றது. விழும் வண்டியின் எடை கணுக்காலின்மேல் விழுகையில், செருப்பு எவ்வித காப்பும் அளிக்காது. மூன்றாவது கையுறை; நான்காவது முழங்கால், முழங்கைக் காப்புகள்; ஐந்தாவது கண்ணாடி. பணம் போதாதாயின் இவ்வரிசையிலே ஒவ்வொன்றாய் வாங்குக. வண்டிக்கு இலட்சக்கணக்கிற் செலவு செய்து கவசத்துக்குக் கணக்குப் பார்த்தல் அறிவுடைமையாகாது.

ஐந்து படிகள்

பழகும் இடம் வாகனமும் மக்களும் நடமாடாத, சமதளமான வெறும் மைதானமாதல் வேண்டும். அங்கே, வண்டியோட்டத்தில் முதிர்ந்த ஒருவர் உடனிருக்க, பின்வரும் ஐந்து படிகளையும் ஒழுங்காகக் கடக்குமாறு கூறுவோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாளாவது செலவிடுதல் வேண்டும்.

முதற்படி கிளச்சை அறிதல். கிளச்சுப் பிடியை மெல்ல விடும்பொழுது ஓரிடத்தில் வண்டி அசையத் தொடங்கும். அவ்விடத்திலிருந்து முழுதும் விடும்வரை உள்ள சிறிய இடைவெளியிலேயே மண்வழி ஓட்டத்தின் பெரும்பகுதி நிகழ்கின்றது. இரு விரல்களால் அதனை இழுத்தும் விட்டும், 20 மீற்றர் தூரத்தைக் கால் ஊன்றாமல் எத்துணை மெதுவாகக் கடக்கலாம் என்று முயல்க. பிந்தி வருபவனே இப்பந்தயத்தில் வெல்பவன்.

இரண்டாம்படி நின்று ஓட்டுதல். மிதிகட்டைகளின்மேல் நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, முழங்கைகளை வெளிப்புறம் உயர்த்தி, பார்வையைத் தொலைவிற் செலுத்துக. அமர்ந்தவனின் எடை வண்டியோடு சேர்ந்து மேடு பள்ளத்தில் துள்ளுகின்றது. நிற்பவனின் கால்களோ இரண்டாவது அதிர்வுதாங்கி போலத் தொழிற்படுகின்றன. கைப்பிடியை இறுகப் பற்றுதல் கூடாது. முழங்காலால் வண்டியின் தொட்டியை அணைத்துக்கொண்டால் கைகள் இளகி இருக்கும். கண் எங்கே நோக்குகின்றதோ அங்கேயே வண்டி செல்லும். கல்லை நோக்குபவன் கல்லிலேயே மோதுவான்.

மூன்றாம்படி நிறுத்துதல். பின்பிறேக்கை மாத்திரம் அழுத்திப் பின்சக்கரம் வழுக்கும் உணர்வை முதலிலே அறிந்துகொள்க. பின்னர் முன்பிறேக்கை ஒற்றை விரலால் மெல்ல மெல்ல அழுத்திப் பழகுக. நிறுத்தும் ஆற்றலிற் பெரும்பங்கு முன்பிறேக்கிலேயே உள்ளது. அதனை அஞ்சி விட்டுவிடுபவனால் உரிய இடத்தில் நிற்க இயலாது. வெடுக்கென அழுத்துபவனோ விழுகின்றான்.

நான்காம்படி திரும்புதல். இரு கற்களை வைத்து அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் ஓட்டுக. தளர்ந்த மண்ணில் திரும்புகையில் இருக்கையின் முற்பகுதியில் அமர்ந்து, வண்டியை உட்புறம் சாய்த்து, உடலை நிமிர்த்தி, வெளிப்புற மிதிகட்டையின்மேல் எடையைச் செலுத்தல் வேண்டும். அவ்வெடை டயரை மண்ணோடு அழுத்திப் பிடிக்கச் செய்கின்றது. வேகத்தைத் திருப்பத்தின் முன்னரே குறைத்துவிடுக. திருப்பத்தின் நடுவிற் பிறேக்கைத் தொடாதிருத்தல் நலம்.

ஐந்தாம்படி ஏற்றமும் இறக்கமும். ஏற்றத்தின் அடியிலேயே வேண்டிய கியரைத் தெரிந்து, உடலை முன்சாய்த்து, இடையில் நில்லாது சீரான விசையோடு ஏறுக. நடுவில் எஞ்சின் நின்றுவிட்டாற் பதறுதல் கூடாது. ஏற்றத்திலே எடை முழுவதும் பின்சக்கரத்தின்மேற் சாய்ந்திருத்தலால், முன்பிறேக்கு மாத்திரம் வண்டியைத் தாங்கமாட்டாது. கியரை மாற்றாது கிளச்சை விட்டுவிட்டால், நின்ற எஞ்சினே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னர் மலையின் மேற்புறமாக இறங்கி நின்று வண்டியை மெல்லத் திருப்பலாம். கீழ்ப்புறத்தில் இறங்குபவன்மீது வண்டி சரியும்.

இறக்கத்திலே உடலைப் பின்தள்ளி, முதலாம் அல்லது இரண்டாம் கியரில், கிளச்சை இழுக்காமல் இறங்குக. எஞ்சினே வண்டியைத் தடுத்துக் கொடுக்கும். ஏறத் தெரிந்தவன் பாதி கற்றவன். இறங்கத் தெரிந்தவனே முழுதும் கற்றவன். ஆதலால் இறங்கிப் பழகாத மேடு எதிலும் ஏறாதிருத்தல் பழகுநர்க்கு நல்விதியாகும்.

இவ்வைந்தும் கைவந்த பின்னரே பள்ளம், வேர், சேறு, ஓடை என்பவற்றை நாடலாம். குறுக்கே ஓடும் கானையும் நனைந்த வேரையும் நேர்குறுக்காகவே கடத்தல் வேண்டும். சாய்வாகச் சென்றாற் சக்கரம் அதன் வழியே வழுகும். சேற்றில் விசையைக் கூட்டியும் குறைத்தும் ஆட்டாது ஒரே சீராய்ச் செல்க. ஓடையாயின் முதலில் இறங்கி நடந்து ஆழத்தையும் கல்லின் வழுவழுப்பையும் அறிக. மேல்மலையில் மழை கருக்கும்பொழுது ஓடையைக் கடத்தலே ஆகாது. தெளிந்தோடும் நீர் சில நிமிடத்திற் பெருகிவிடும்.

வழியில் நடப்போர்

இதுவரை கூறியன வண்டியைப் பற்றியவை. இனிக் கூறுவன அவற்றினும் முக்கியமானவை. தோட்டப் பாதை எவர்க்கும் உரித்தில்லாத வெறும் வெளியன்று. அது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலுள்ளது. அவ்வழியே வாழ்ந்து உழைக்கும் மக்களின் முற்றமாகவும் உள்ளது. லயத்தின் வாயிற்படியும் பாதையின் விளிம்பும் ஒன்றாயிருக்கும் இடங்கள் பல. குழந்தைகள் அங்கே விளையாடுவர். முதியோர் வெயில் காய்வர். பெண்கள் பீலியிலிருந்து நீர் சுமந்து வருவர். இவ்விடங்களில் நடையின் வேகமே வண்டிக்கும் உரிய வேகம்.

ஆகவே, தோட்டத்தினுள் ஓட்ட விரும்புவோர் முதலில் தோட்டக் கந்தோரில் அனுமதி பெறுதல் வேண்டும். கொழுந்து நிறுக்கும் வேளைகளில், சுமையோடு மடுவத்துக்கு இறங்கும் பெண்கள் பாதையை நிறைத்திருப்பர்; பாரஞ் சுமந்தவர் விரைந்து விலக இயலாது. அவ்வேளைகளிலும், காலையிற் பால்வெட்டு நடக்கும் இறப்பர் மலைகளிலும், பள்ளிக்கூடம் தொடங்கி விடும் நேரங்களிலும் வண்டியை எடாதிருத்தல் கண்ணியமாகும். கொழுந்து லொறி எதிர்ப்பட்டால் மோட்டார்ச் சைக்கிளே ஒதுங்கி நின்று வழிவிடல் வேண்டும். மறைவான முடக்குகளில் ஒலியெழுப்பியே திரும்புக.

புகைக்குழாயின் ஒலியடக்கியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது வீரமெனச் சிலர் கருதுகின்றனர். இரவுநேர வேலை முடித்து உறங்குபவரையும், தொட்டிற் குழந்தையையும், நோயாளரையும் அவ்வோசை வருத்துகின்றது. இத்தகைய ஓரிருவரின் செயலால், பண்புடன் ஓட்டுவோர்க்கும் தோட்டத்தின் வாயில் அடைபடுகின்றது.

மண்ணுக்குச் செய்யும் தீங்கும் சிறிதன்று. தேயிலை மலைகளில் நீர் வடிதற்கு வெட்டிய கான்கள், மண் அரிப்பைத் தடுக்கும் பொருட்டு மிக்க உழைப்போடு அமைக்கப்பட்டவை. அவற்றின் விளிம்பைச் சக்கரம் உடைத்தால் அடுத்த மழையில் நீர் அவ்வழியே பாய்ந்து, ஒரு தடம் ஓர் ஓடையாகிவிடும். கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கப் பகுதியில், 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி, சாமசர மலை சரிந்து ஊர்களை மூடிய பேரிடரை நாம் மறத்தற்கில்லை. அது பெருமழையால் நேர்ந்தது. எனினும், நனைந்து தளர்ந்த மலைச்சரிவு எத்தன்மையதென்பதை அது யாவர்க்கும் உணர்த்திற்று. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்துள்ள நாட்களில் மலைவழி செல்லுதலை முற்றாகத் தவிர்த்தல் வேண்டும்.

மேலும், 1988ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமையாக விளங்கும் சிங்கராசா வனமும், சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காப்புக்காடும் இம்மாகாணத்தைச் சார்ந்தவை. அவற்றினுள் வண்டியோடு புகுதல் நமக்குரிய விளையாட்டன்று.

சட்டமும் துணையும்

பொதுத்தெருவில் ஓட்டும் வண்டி எதுவாயினும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்கு அமைதல் வேண்டும். பதிவும், இலக்கத்தகடும், விளக்கும், காப்புறுதியும் இல்லாத பந்தய வண்டியைத் தெருவில் ஓட்டுதல் குற்றம். அதனை லொறியில் ஏற்றியே மைதானத்துக்குக் கொண்டு செல்லல் வேண்டும். 100 கன சதமமீற்றருக்கு மேற்பட்ட மோட்டார்ச் சைக்கிளுக்கு 'ஏ' வகுப்பு அனுமதிப்பத்திரம் தேவை. தோட்டத்துள் பொலிஸார் இல்லை என்ற துணிவிற் சிறுவர் கையில் வண்டியைக் கொடுக்கும் பெற்றோர், தம் அன்பைத் தவறான வழியிற் காட்டுகின்றனர் என்றே கூறுவோம்.

தனியே செல்லுதல் எக்காலத்தும் கூடாது. இருவராயினும் மூவராயினும் கூடிச் சென்று, செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிற் சொல்லிச் செல்க. பள்ளத்தாக்குகளிற் கைத்தொலைபேசி பல இடங்களில் இயங்காது. எங்கே இயங்குமென்பதை முன்னரே அறிந்து வைத்தல் உயிர் காக்கும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமாகக் கிடைக்கும். விழுந்தவர் கழுத்திலோ முதுகிலோ வலியென்று கூறினால், அவரைத் தூக்கி நிறுத்த முயலாது அசையாமற் கிடத்தி உதவியை எதிர்நோக்குக.

பந்தயத்தில் ஆசை

நன்கு பழகியோர்க்குப் பந்தயத்தில் ஆசை பிறத்தல் இயல்பு. அதற்கு உரிய களங்கள் நம் நாட்டில் உள்ளன. தியத்தலாவைப் பொக்ஸ் ஹில்லும், அநுராதபுரச் சாலியபுரத்தின் கஜபாவும் இராணுவத்தினர் முன்னின்று நடாத்தி வந்த சுப்பர்குறொஸ் பந்தயங்களாகப் பெயர் பெற்றவை. தோட்டத் தெருவிலே ஒருவரையொருவர் முந்தி ஓட்டுதல் இவற்றோடு ஒப்பிடத்தக்கதன்று. அங்கே தடுப்புமில்லை, கொடிகாட்டுவோருமில்லை, மருத்துவருமில்லை.

ஒழுங்கமைந்த களத்திலும் ஆபத்து அகலுவதில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி, பொக்ஸ் ஹில் பந்தயத்தின்பொழுது மோட்டார்க் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்தமையால் ஒரு சிறுமி உட்பட எழுவர் உயிரிழந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவர் வண்டிகளை வேடிக்கை பார்த்து நின்றோரே என்பது நெஞ்சைச் சுடுகின்றது. ஓட்டுபவனின் துணிவுக்கு அருகில் நிற்பவன் விலை கொடுக்க நேரிடலாம் என்னும் உண்மையை அந்நாள் நமக்குக் கற்பித்தது. பயிற்சி மைதானத்திற்கூட, பார்க்க வரும் சிறுவரைத் திருப்பத்தின் வெளிப்புறத்தில் நிற்கவிடுதல் கூடாது. பிடி தவறிய வண்டி அப்புறமாகவே பாயும்.

முடிவாக, மண்வழி ஓட்டத்தைப் பழிப்பது நம் கருத்தன்று. உடலுக்கு உறுதியும், மனத்துக்கு ஒருமைப்பாடும், மலைநாட்டின் அழகைக் கண்டு மகிழும் வாய்ப்பும் அதனால் உண்டு. பெரிய வாகனம் ஏறமாட்டாத மலையுச்சி லயத்துக்கு, நள்ளிரவில் மருந்து கொண்டு செல்லவும் மருத்துவிச்சியை அழைத்து வரவும் வல்லவன், மெதுவாகவும் உறுதியாகவும் ஓட்டப் பழகியவனே. பதறாத காரியம் சிதறாது என்பர். இளைஞர் ஒரு பருவம் பொறுமையோடு மைதானத்திற் பழகி, அதன் பின்னரே மலையேறுவாராக; ஏறிய ஒவ்வொருவரும் நலமே இல்லந் திரும்புவாராக.